பிள்ளைக்கு ஜம்பர் கட்ட முன்னம்

ஜம்பர் என்றது பிள்ளையை இருத்தித் துள்ளவிடுகிற ஸ்பிரிங் இருக்கை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் பெட்டியில் போட்டு அனுப்பும் ஜம்பர்களில் கனக்க, கதவு நிலையில் கொழுவுகிற வகை. அதன் கவ்வி, நிலைக்கு மேலே துருத்தி நிற்கும் சட்டத்தைப் பிடித்துத்தான் நிற்கும். எங்கடை வீடுகள் பலவற்றில் நிலை சுவரோடு மட்டமாக இருக்கும்; கவ்வி வழுக்கிவிடும். அதுக்காக ஏணை கட்டுகிற வளையில் கயிறு போட்டுத் தொங்கவிடாதேங்கோ. அந்த உயரத்தில் அது ஊஞ்சல் மாதிரி வீசி, பிள்ளையின் தலை சுவரில் அடிபடும். நிலை சரிவராவிட்டால், காலுள்ள சட்டத்தோடு நிலத்தில் நிற்கிற வகைதான் நல்லது.

பிள்ளைக்குக் கழுத்து நன்றாக நின்றிருக்க வேணும். 4 மாதத்துக்கு முன்னம் வேண்டாம். நடக்கத் தொடங்கினாலோ, பெட்டியில் போட்ட நிறை எல்லையைத் தாண்டினாலோ நிப்பாட்டுங்கோ.

உயரம்தான் முக்கியம். முன்பாதம் நிலத்தில் முட்டவேணும். நுனிவிரல் மட்டும் முட்டினால் பிள்ளை எந்நேரமும் எக்கி நிற்கும், கெண்டைக்கால் இறுகும். வளர வளரப் பட்டியைக் கட்டையாக்கி இருக்கையை உயர்த்தவேணும், இதைத்தான் பலர் மறக்கிறவை.

ஒருமுறைக்கு 10–15 நிமிசம் போதும். பால் குடித்த உடனே வேண்டாம். தூங்கினால் உடனே தூக்குங்கோ. ஸ்பிரிங்கில் உப்புக்காற்றுத் துரு, பட்டியில் நூல் பிரிவு இருக்கா என்று ஒவ்வொருமுறையும் பாருங்கோ.