டூ டி எழுதும் விசுவாசிகளுக்கு

மியான்மரில் யாங்கோன் பக்கம் நம் சபைகளில் குடியைக் கண்டிப்போம், டூ டி எழுதுவதை, அதாவது இரண்டு இலக்க நம்பர் மேல் பணம் கட்டும் சூதாட்டத்தை, கண்டுகொள்ளமாட்டோம். "ஐந்நூறு கியாட்தானே!"

யாக்கோபு 1:14-15ஐ வரிசையாகப் பாருங்கள். இச்சை இழுக்கிறது, சிக்கவைக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, அப்புறம்தான் பாவம் பிறக்கிறது. பணம் கட்டும் நேரத்தில் ஜெபிப்பது ரொம்பத் தாமதம். காலையில் கண்ட கனவை நம்பராக்கிப் பார்க்கும்போதே இழுப்பு தொடங்கிவிட்டது. வெட்ட வேண்டியது அங்கே.

ரிசல்ட் தாய்லாந்து பங்குச்சந்தையை வைத்து வருவதால் சனி, ஞாயிறு ஆட்டம் இல்லை. ஆராதனையில் மனசு லேசாக இருப்பதை விடுதலை என்று எண்ணிவிடாதீர்கள், சந்தைக்கு லீவு, அவ்வளவுதான். திங்கள் மதியம் 12 மணி ஆட்டத்தில் தோற்றவன், விட்டதைப் பிடிக்க சாயங்காலம் 4:30 ஆட்டத்துக்கு இரட்டிப்பாகக் கட்டுவான். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த நாலரை மணி நேரம்தான் ஆபத்து. அப்போது தனியாக இருக்காதீர்கள், சபையில் ஒருவருக்குப் போன் போடுங்கள்.

போத்திபாரின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது யோசேப்பு முதலில் பதில் சொல்லிப் பார்த்தான். அவள் அவன் வஸ்திரத்தைப் பிடித்தபோது பேச்சே இல்லை, ஓட்டம்தான் (ஆதி. 39:12). பணம் வாங்கும் ஏஜென்டின் போன் நம்பரை அழியுங்கள், டூ டி எழுதும் டீக்கடையை மாற்றுங்கள், இரண்டையும் ஒரே நாளில். பழைய பாக்கி இருந்தால் வீட்டு ஆளிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்களே போனால் ஒரு நம்பர் எழுதிவிட்டுத்தான் திரும்புவீர்கள்.