நம்ம கார்ப்: ஒரு குளிர்காலக் குறிப்பேடு

2024 அக்டோபர் 6, ஞாயிறு

சீசன் முடிந்துவிட்டது. செப்டம்பர் பிறந்தபோது ஜப்பான் பேஸ்பாலின் சென்ட்ரல் லீக் பட்டியலில் எங்கள் ஊர் அணி ஹிரோஷிமா டோயோ கார்ப்தான் முதலிடம். அந்த ஒரே மாதத்தில் 20 தோல்வி, 5 வெற்றி. கடைசியில் நான்காம் இடத்தில் போய் நின்றது. முதல் மூன்று அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று.

இரண்டு வாரமாக விளையாட்டுப் பக்கத்தைத் திறக்கவே கை வரவில்லை. இன்று காலை கீழ்வீட்டுப் பாட்டியிடம் புலம்பினேன். அவருக்கு 84 வயது. களை பிடுங்கிக்கொண்டே, "இது ஒண்ணுமில்லப்பா. சம்பளம் கொடுக்கவே காசில்லாம கிடந்த டீம் இது. நானே பீப்பாயில காசு போட்டிருக்கேன்" என்றார்.

ஹிரோஷிமாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பேஸ்பால் இங்கே வந்துதான் பழகினேன். பீப்பாய்க் கதையை அருங்காட்சியகப் பலகைகளில் படித்திருக்கிறேன். அதில் காசு போட்ட ஒருவர் இத்தனை நாளும் கீழ்வீட்டில் இருந்தார் என்பது இன்றுதான் தெரிந்தது. அடுத்த சீசன் தொடங்கும்வரை கேட்டதையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

2024 அக்டோபர் 12, சனி

பாட்டி சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு இந்த ஊர் எரிந்தது. அணி தொடங்கப்பட்டது 1949 டிசம்பரில். நாலே வருட இடைவெளி. ஊரில் பலருக்குச் சரியான கூரை கிடையாது. அந்த நிலையில் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். முதலில் எனக்கு இது புரியவே இல்லை. பாட்டியிடம் கேட்டேன். "சாயங்காலமானா பேசறதுக்கு வேற ஒரு விஷயம் வேணும்ல" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜப்பானில் மற்ற அணிகளுக்குப் பின்னால் ஒரு பத்திரிகையோ ரயில் கம்பெனியோ வேறு பெரிய நிறுவனமோ இருந்தது. கார்ப்புக்கு அப்படி யாரும் இல்லை. மாகாணமும் நகராட்சிகளும் ஊர்மக்களும் போட்ட பணம்தான் மூலதனம். கார்ப் என்றால் கெண்டை மீன் வகை. ஹிரோஷிமா கோட்டைக்குக் கெண்டைக் கோட்டை என்றொரு பழைய பெயர் உண்டு; ஊரின் நடுவே ஓடும் ஓட்டா ஆற்றிலும் அந்த மீன் உண்டு. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை டிராகன் ஆகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

முதல் மேலாளர் இஷிமோட்டோ ஷூஇச்சி. இந்த ஊர்க்காரர், போருக்கு முன் ஓசாகா டைகர்ஸுக்கு மேலாளராக இருந்தவர். அவருக்குக் கிடைத்தது பழுத்த கைகளும் பழகாத கைகளும்தான். 1950இல் 41 வெற்றி, 96 தோல்வி, ஒரு சமன். எட்டு அணிகளில் எட்டாவது.

1951 மார்ச்சில் கஜானா காலி. சம்பளம் போடப் பணமில்லை. அணியைக் கலைத்துவிடலாம், இல்லையென்றால் ஷிமோனோசெக்கியில் இருந்த தையோ அணியோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு பத்திரிகைவரை வந்துவிட்டது. இஷிமோட்டோ ஒப்பவில்லை. ஊர்மக்களிடம் நேரடியாகப் போனார். ஊர் ஊராக, ஆலை ஆலையாக ஆதரவாளர் சங்கங்கள் அமைத்தார். மைதான வாசலில் சாக்கே (அரிசி மது) பீப்பாய் ஒன்றை வைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் கையில் இருந்த சில்லறையை அதில் போட்டார்கள். அதைத்தான் 'தாரு போகின்' என்கிறார்கள், பீப்பாய் நன்கொடை.

பாட்டிக்கு அப்போது பதினோரு வயது. அப்பா தோளைத் தட்டி, "நீ போடு" என்று காசைக் கையில் கொடுத்தாராம். பீப்பாயின் விளிம்பு அவர் மூக்கு உயரத்துக்கு இருந்ததாம். காசு அடியில் விழுந்த சத்தம் நினைவில்லை, ஏற்கெனவே இருந்த காசுகள்மேல் விழுந்த சத்தம்தான் நினைவிருக்கிறது என்றார்.

2024 அக்டோபர் 15, செவ்வாய்

இன்றைய தேதியை இந்த ஊரில் வயதானவர்கள் மறக்கமாட்டார்கள். 1975 அக்டோபர் 15, தோக்கியோ கோராக்குவென் மைதானம். யோமியூரி ஜயன்ட்ஸை 4-0 என்று வென்று கார்ப் முதல்முறையாக லீக் பட்டம் வாங்கியது. அணி பிறந்து 26ஆவது சீசன்.

அதற்கு முந்தைய மூன்று வருடமும் கடைசி இடம். 1975 தொடக்கத்தில் ஜோ லூட்ஸ் என்ற அமெரிக்கர் மேலாளராக வந்தார். அதுவரை கருநீலமாக இருந்த தொப்பியைச் சிவப்பாக மாற்றினார். பெரிய மனிதர்கள் சிவப்புத் தொப்பி போடுவதா என்று ஆட்டக்காரர்களே கூசினார்களாம். நடுவரோடு ஒரு தகராறில் நிர்வாகம் தலையிட்டதால் மனம் கசந்து, 15 ஆட்டத்திலேயே லூட்ஸ் விலகிவிட்டார். ஆனால் சிவப்பு நின்றுவிட்டது. இன்று மைதானம் முழுக்க, டிராம் முழுக்க, பேக்கரிக் கண்ணாடியில்கூட அந்தச் சிவப்புதான். ஏப்ரலோடு போய்விட்ட மனிதர் ஊருக்கே நிறம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருக்குப் பின் கோபா தகேஷி பொறுப்பேற்றார். பட்டம் வென்ற ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் கெயில் ஹாப்கின்ஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அதுவரை 1-0தான். (அவர் பின்னாளில் மருத்துவர் ஆனவர்.) இரண்டு லீக் அணிகளும் மோதும் இறுதித் தொடரான ஜப்பான் சீரிஸில் ஹன்கியூ அணியிடம் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

எல்லோரும் பேசுவது ஊர்வலத்தைப் பற்றி. அமைதிப் பெருவீதியில் சுமார் 3 லட்சம் பேர் நின்றார்கள். கூட்டத்தில் பலர் கையில் இறந்தவர்களின் புகைப்படம். இதை எழுதும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். குண்டில் போன அண்ணன், நோயில் போன அம்மா, பட்டத்தைப் பார்க்காமல் போன அப்பா. அவர்கள் முகத்தை வண்டி போகும் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பாட்டியும் அப்பாவின் படத்தோடு போனாராம்.

2024 நவம்பர் 4, திங்கள்

நேற்று யோக்கோஹாமா டிஎன்ஏ பேஸ்டார்ஸ் ஜப்பான் சீரிஸை வென்றது. லீக்கில் நமக்கு ஒரு படி மேலே, மூன்றாவதாக முடித்த அணி. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. கார்ப் கடைசியாக ஜப்பான் சீரிஸ் வென்றது 1984. பன்னிரண்டு அணிகளில் இவ்வளவு நீண்ட காத்திருப்பு இன்று வேறு யாருக்கும் இல்லை.

அதனால் 1979 நவம்பர் 4ஐப் பற்றி எழுதி ஆற்றிக்கொள்கிறேன். ஏழாவது ஆட்டம், ஓசாகா. எதிரே கின்டெட்சு. கார்ப் 4-3 என்று முன்னிலையில் இருந்தது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி, கின்டெட்சு மட்டை பிடிக்கும் முறை. கார்ப்பின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், எனாட்சு யுடாகா. மூன்று பேஸிலும் எதிரணி ஆள், ஒரு அவுட்கூட இல்லை. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், கடைசி ஓவரில் இரண்டு ரன்னைக் காப்பாற்றுவதைவிடக் கடினம்.

அந்த நேரத்தில் நிர்வாகம் அடுத்த பிட்ச்சர்களைத் தயார் செய்ய ஆரம்பித்தது. எனாட்சுவுக்கு அது தெரிந்து முகம் சுருங்கியது. என்னை நம்பவில்லையா? முதல் பேஸைக் காத்து நின்ற கார்ப் ஆட்டக்காரர் கினுகாசா சச்சியோ நடந்து வந்தார். உனக்கு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எனக்கும் இருக்கிறது, நீ விட்டுவிட்டுப் போனால் நானும் போகிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் எனாட்சு நிலைக்கு வந்தார்.

எதிரே நின்ற பேட்டர் ஸ்ட்ரைக் அவுட். அடுத்தவர் இஷிவாதா, மூன்றாம் பேஸ் ஆள் ஓட, அவர் மட்டையை நீட்டி மெல்லத் தட்டிவிடப் பார்த்தார். எனாட்சுவின் விரல்கள் கர்வ் (வளைந்து போகும்) பந்துக்கான பிடியில் இருந்தன. ஓட்டத்தைக் கண்டதும் அதே பிடியிலேயே பந்தை மட்டைக்கு எட்டாத இடத்துக்கு வீசினார். மட்டை காற்றை வெட்டியது, ஓடி வந்தவர் நடுவழியில் மாட்டிக்கொண்டார். அப்புறம் இஷிவாதாவும் அவுட். அந்த இன்னிங்ஸில் எனாட்சு போட்டது 21 பந்து. இன்றும் இங்கே "எனாட்சுவின் 21 பந்து" என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும்.

எனக்கோ 21 பந்தைவிட கினுகாசா நடந்து வந்த அந்தப் பத்தடிதான் பெரிது.

2024 நவம்பர் 24, ஞாயிறு

கினுகாசாவைப் பற்றித் தனியாக எழுதாவிட்டால் மனசு கேட்காது. கியோட்டோவில் பிறந்தவர். தந்தை கறுப்பின அமெரிக்கப் படைவீரர். அந்தக் காலத்து ஜப்பானில் அந்த முகத்தோடு வளர்வது லேசான காரியமா?

1970 முதல் 1987 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் 2,215 ஆட்டங்கள் ஆடினார். அமெரிக்காவின் லூ கெரிக் வைத்திருந்த 2,130 என்ற கணக்கை 1987 ஜூனில் தாண்டினார். 1979 ஆகஸ்ட் 1 அன்று ஜயன்ட்ஸின் நிஷிமோட்டோ வீசிய பந்து பட்டு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் மாற்று பேட்டராக இறங்கினார். எகாவா வீசிய மூன்று பந்துக்கும் முழு வீச்சு. மூன்றும் மட்டையில் படவில்லை. அவுட் ஆகிப் போனார். முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது நிஷிமோட்டோவுக்கு என்று பிறகு சொன்னார். அடித்தவன் குற்ற உணர்ச்சியில் தூங்காமல் கிடக்கக்கூடாது என்று யோசித்திருக்கிறார். 2018 ஏப்ரலில் காலமானார். அவருடைய 3ஆம் எண் சட்டையை இனி யாரும் அணிய மாட்டார்கள்.

2025 ஜனவரி 15, புதன்

1950இல் இதே நாளில் அணியின் தொடக்க விழா நடந்தது. வேலை முடிந்து டிராமில் ஏறி அணுகுண்டுக் குவிமாடத்தடியில் இறங்கினேன். நல்ல குளிர். குவிமாடத்துக்கு எதிரே தெருவைத் தாண்டினால் பழைய நகராட்சி மைதானம் இருந்த இடம். 1957இல் உள்ளூர் நிறுவனங்கள் நன்கொடை கொடுத்துக் கட்டியது. 2009இல் ஸ்டேஷன் பக்கத்து மாஸ்டா மைதானத்துக்கு அணி மாறும்வரை அதுதான் வீடு. இப்போது அங்கே பூங்கா. அரை நூற்றாண்டு காலம் அந்த உடைந்த குவிமாடத்துக்கு எதிரே மின்விளக்குப் போட்டு ஆடியிருக்கிறார்கள்.

'ஊர்மக்களின் அணி' என்ற பெயர் இன்று எவ்வளவு உண்மை? 1968இல் டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மாஸ்டா, துணைக்கு வந்தது. பங்குகளில் பெரும்பகுதி மட்சுதா குடும்பத்திடமும் அந்தக் கம்பெனியிடமும் இருக்கிறது. காகிதத்தில் இது மற்ற அணிகளைப் போல ஒன்றுதான். ஆனாலும் புது மைதானம் வேண்டும் என்ற பேச்சு 2004இல் எழுந்தபோது பீப்பாயை மறுபடியும் வெளியே எடுத்தார்கள். 12 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. பாட்டி இரண்டாம் முறையும் போட்டார். "நம்ம கார்ப்" என்று இங்கே சொல்லும்போது அந்த 'நம்ம'வுக்கு ரசீது இருக்கிறது.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

பயிற்சி முகாம் நடந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது.

பணக்கார அணிகள் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்ளும். கார்ப்பால் தடுக்க முடியாது. கானேமோட்டோ போனார், அராய் அழுதுகொண்டே போனார். குரோதா ஹிரோகி அமெரிக்கா போய் டாட்ஜர்ஸுக்கும் யாங்கீஸுக்கும் ஏழு வருடம் வீசினார். 2015க்கு அங்கேயே பெரும்பணம் காத்திருந்தும், 40 வயதை எட்டும் நேரத்தில் அதில் சிறு பங்குக்கு இங்கே திரும்பி வந்தார். 2006இல் அவர் அணி மாறுவார் என்ற பேச்சு இருந்தபோது, உன் கண்ணில் நீர் வந்தால் அந்தக் கண்ணீராக நாங்கள் இருப்போம் என்று ரசிகர்கள் பெரிய துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். 2016 செப்டம்பர் 10 அன்று தோக்கியோ டோமில் அவரே தொடக்கப் பிட்ச்சராக இறங்கிய ஆட்டத்தில், 25 வருடம் கழித்து லீக் பட்டம் வந்தது. அவரும் திரும்பி வந்திருந்த அராயும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இப்போது மேலாளர் அந்த அராய்தான். செப்டம்பரில் அவரைத் திட்டிய நாக்கு இது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2025 மார்ச் 27, வியாழன்

நாளை சீசன் தொடக்கம், நம் மைதானத்தில், ஹன்ஷின் டைகர்ஸோடு. டிக்கெட் கிடைக்கவில்லை. பாட்டி ரேடியோவுக்கு நான்கு பேட்டரி வாங்கி வரச் சொன்னார். கொடுக்கப் போனபோது வாசல் ஆணியில் சிவப்புத் தொப்பி ஏற்கெனவே மாட்டியிருந்தது. பக்கத்தில் அவருடைய அப்பாவின் படம். நாளை மாலை சீக்கிரம் வந்துவிடு, அரிசி நானே போடுகிறேன் என்றார்.