2003 மோட்டார்ஹோமுக்குப் புது இன்வெர்ட்டர்: மிக்ஸி ஓடும் வரை

டெக்சாஸ் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் காட்டன்வுட் என்றொரு கேம்ப் கிரவுண்ட் இருக்கிறது. ரியோ கிராண்டே ஆற்றுக்குப் பக்கத்தில், நிழலோடு, அருமையான இடம். ஆனால் மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. எங்கள் வண்டியிலோ ஜெனரேட்டரை எழுப்பினால்தான் மைக்ரோவேவ் சூடாகும். ஓனான் 4 கிலோவாட் ஜெனரேட்டர், பாதிச் சுமையிலேயே மணிக்குக் கிட்டத்தட்ட அரை கேலன் பெட்ரோல் குடிக்கும். நான்கு இட்லியைச் சூடாக்க இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று ரொம்ப நாளாகவே ஒரு எரிச்சல். காட்டன்வுட் போவது என்று முடிவானதும், பேட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டர் வேலையைக் கையில் எடுத்தேன்.

வண்டி 2003 மாடல், ஃபோர்டு ஈ-450 சேஸியின் மேல் கட்டிய கிளாஸ் சி, அதாவது வேன் முகப்போடு இருக்கும் வகை. வெளி மின்சாரம் 30 ஆம்பியர், அதாவது 120 வோல்ட்டில் 3600 வாட். முன்பு வைத்திருந்தவர் 1500 வாட் மாடிஃபைடு சைன் (படிக்கட்டு போல வெட்டிய அலை தரும்) இன்வெர்ட்டர் ஒன்றைச் சாப்பாட்டு மேசையின் இருக்கைக்கு அடியில் மாட்டியிருந்தார். லேப்டாப் சார்ஜருக்கு அது போதும். மைக்ரோவேவை இணைத்தால் ஒரு உறுமல் உறுமிவிட்டு, சில வினாடிகளில் அலாரம் அடித்து நின்றுவிடும். மிக்ஸியும் அப்படித்தான், பாதி வேகம், முழு இரைச்சல்.

பழைய இன்வெர்ட்டரைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் 2000 வாட் பியூர் சைன் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் வைத்தால் தீர்ந்தது என்றுதான் தோன்றும். கடையில் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அந்த எண்ணைத்தானே. ஆனால் கணக்குப் போட்டால் வேறு கதை.

எங்கள் மைக்ரோவேவின் சமையல் திறன் 1000 வாட். ஆனால் அது இழுப்பது கிட்டத்தட்ட 1500 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் 140 ஆம்பியருக்கு மேல். பழைய கேபிள் 4 கேஜ் (கேஜ் என்பது தடிமனைச் சொல்லும் எண்). பேட்டரி இருந்தது வாசற்படிக்கு அடியில், இன்வெர்ட்டர் 12 அடி தள்ளி. போக வர 24 அடி. அந்தத் தடிமனுக்கு 1000 அடிக்குச் சுமார் கால் ஓம். பெருக்கினால் கேபிளிலேயே 0.85 வோல்ட் காலி, 120 வாட் வெறும் சூடாகப் போகிறது. பேட்டரியோ வரிசையாக இணைத்த இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகள். ஈய அமில பேட்டரியிடம் இவ்வளவு ஆம்பியர் கேட்டால் அதன் வோல்ட்டேஜ் தானாகவே சரியும். அது சரிந்ததும் கேபிளில் போனதும் சேர்ந்து 10.5 வோல்ட்டைத் தொட்டதும் இன்வெர்ட்டர் கையை விரித்துவிடும். அது கெட்டுப்போன இன்வெர்ட்டர் இல்லை, பட்டினி கிடந்த இன்வெர்ட்டர். 2000 வாட்டைக் கொண்டுவந்து அதே கேபிளில் மாட்டினாலும் அதே அலாரம்தான், பெட்டிதான் புதிது. கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் நுனியில் போல்ட்டில் மாட்டுவதற்காக இருக்கும் லக்குக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தது.

ஆகவே முதல் வேலை, இடம். பேட்டரியும் இன்வெர்ட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதோடு ஒரே அறையில் இன்வெர்ட்டரை வைக்கக் கூடாது. அதனால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டை வாங்கி மேசை இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பிக் பெண்டில் டிசம்பர் இரவு சில நாள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். படிக்கடியில் இருந்தால் வம்பு, உள்ளே இருந்தால் நம்மோடு அதுவும் கதகதப்பாக இருக்கும்.

ஒரு பேட்டரி போதாதா என்று கேட்கலாம். அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடர்ந்து 100 ஆம்பியர்தான் விடும். 2000 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 180 ஆம்பியர் தேவை. இரண்டை இணையாகப் போட்டால் 200, சரியாக வரும். அப்படிப் போடும்போது பிளஸ்ஸை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸ்ஸை மற்றதிலிருந்தும் எடுத்தேன். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்த ஒன்று மட்டும் மாடாய் உழைக்கும்.

இன்வெர்ட்டர் தேர்வில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விக்ட்ரான் மல்டிபிளஸ் 3000 என்று பார்த்தால் அந்த 3000 வோல்ட்-ஆம்பியர், 25 டிகிரியில் தொடர்ந்து கிடைப்பது 2400 வாட். அவர்கள் தகவல் தாளில் அதை ஒளிக்காமல் போட்டிருக்கிறார்கள். பெயரே கேள்விப்படாத மலிவுப் பெட்டிகளில் 4000 என்று இருக்கும், அது ஒரு நொடி உச்சம். நான் கடைசியில் எடுத்தது வேறு கம்பெனியின் 2000 வாட் பியூர் சைன், வெளி மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் தானே மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ரிலே உள்ளேயே இருப்பது, வண்டிகளுக்கான யூ.எல். 458 பாதுகாப்புச் சான்று பெற்றது. இந்தச் சான்று இல்லாததைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. நாம் தூங்கும் இடத்துக்கு அடியில் வைக்கும் பொருள்.

புதுக் கேபிள் 2/0, 4 கேஜைவிட நன்றாகத் தடித்தது, ஒரு பக்கம் 4 அடி. அதே 140 ஆம்பியருக்கு இழப்பு இப்போது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி லக் அழுத்துவது. கேபிள் கட்டைவிரல் தடிமன். மேல் உறையை ஓர் அங்குலம் கத்தியால் சுற்றி வெட்டி உருவினால் உள்ளே முடி முடியாகச் செம்பு இழைகள். ஒரு இழையும் வெளியே பிதுங்காமல் லக்குக்குள் திருகி நுழைத்து, ஹைட்ராலிக் அழுத்தியில் வைத்து, அறுகோணமாகும் வரை அமுக்க வேண்டும். சுத்தியலால் அடிக்கும் மலிவுக் கருவியும் உண்டு, வேண்டாம். அழுத்திய பிறகு கேபிளைக் காலில் மிதித்துக்கொண்டு லக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டும்போது ஓரத்தில் பசை ஒரு மணியாகப் பிதுங்கி வந்தால் ஈரம் உள்ளே போகாது. போல்ட்டில் மாட்டும்போது டெர்மினலின் செம்பின் மேல் நேராக லக் உட்கார வேண்டும், வாஷர் எல்லாம் அதற்கு மேல்தான். நடுவில் ஸ்டீல் வாஷர் போனால் 150 ஆம்பியரில் அந்த இடம் அடுப்பாகிவிடும்.

ஃபியூஸில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 250 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். விலை குறைந்த ஏ.என்.எல். ஃபியூஸ் சுமார் 6000 ஆம்பியர் வரைதான் துண்டிக்கும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் நொடியில் பல ஆயிரம் ஆம்பியரைக் கொட்டும், ஃபியூஸ் எரிந்த பிறகும் இடைவெளியில் தீப்பொறி நின்று எரியலாம். கிளாஸ் டி 20,000 வரை தாங்கித் துண்டிக்கும்.

அடுத்தது 120 வோல்ட் பக்கம். தலைவலி இங்கேதான்.

வண்டியின் மொத்த பேனலையும் இன்வெர்ட்டருக்குப் பின்னால் மாட்டுவது சுலபம். ஆனால் பேனலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து கன்வெர்ட்டர், கன்வெர்ட்டரிலிருந்து திரும்பப் பேட்டரி என்று சுற்றிச் சுற்றியே பேட்டரி காலியாகும். போதாக்குறைக்கு வாட்டர் ஹீட்டரின் 1440 வாட் காயில், கூரை ஏசி. அதனால் சின்னதாக ஒரு துணை பேனல் வைத்து, சாக்கெட்டுகள், மைக்ரோவேவ் என இரண்டு சுற்றுகளை மட்டும் அதற்கு மாற்றினேன். கறுப்பு வயரை மட்டும் மாற்றினால் போதாது, அந்தச் சுற்றுகளின் வெள்ளை நியூட்ரலும் பழைய பட்டையிலிருந்து கழன்று புதுப் பட்டைக்கு வர வேண்டும். நியூட்ரல் பழைய இடத்திலேயே கிடந்தால் மின்சாரம் திரும்பும் வழி குழம்பும், கசிவைக் கண்டால் தானே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. சாக்கெட் காரணமே தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் இன்னொரு வேடிக்கை, 12 வோல்ட் பக்கத்தில் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். அதே பெட்டிக்குள் 120 வோல்ட்டின் கறுப்பும் வெள்ளையும். மீட்டர் வைக்காமல் எந்த வயரையும் தொடக் கூடாது. வெளி மின்சாரத்தின் பிளக், ஜெனரேட்டர், பேட்டரி மூன்றையும் பிரித்துவிட்டுத்தான் மூடியையே திறந்தேன்.

நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர்கின்றன என்பதும் முக்கியம். மோட்டார்ஹோமின் பேனலில் இரண்டும் சேரக் கூடாது. வெளி மின்சாரத்தில் ஓடும்போது சேர்க்கை வெளியே இருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்தச் சேர்க்கையை இன்வெர்ட்டர் தன் ரிலேயால் தானே போட வேண்டும், வெளி மின்சாரம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பூஜ்ஜியத்தை ஒட்டியே காட்டியது. 60 வோல்ட் மாதிரி ஏதாவது காட்டினால் சேர்க்கை இல்லை என்று அர்த்தம், பழைய இன்வெர்ட்டரில் அப்படித்தான் இருந்தது.

கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஃபிரிட்ஜின் பிளக் பின்பக்கம் மற்ற சாக்கெட்டுகளோடு ஒரே சுற்றில் இருந்தது. ஆட்டோவில் விட்டால் 120 வோல்ட்டைக் கண்டதும் கேஸை விட்டுவிட்டு கரண்டுக்குத் தாவும், 300 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். கேஸிலேயே நிறுத்தி வைத்துவிட்டேன்.

முதல் இணைப்பு. இன்வெர்ட்டருக்குள் பெரிய கெபாசிட்டர்கள் இருப்பதால் கடைசி லக்கை அப்படியே வைத்தால் பளீரென்று பொறி பறக்கும். நடுவில் ஒரு ரெசிஸ்டரைச் சில வினாடிகள் பிடித்து, கெபாசிட்டர் நிரம்பிய பிறகு லக்கை வைத்தேன், ஒரு சத்தமும் இல்லை. மைக்ரோவேவில் தண்ணீர் வைத்து ஓட்டினேன். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 130 ஆம்பியரைத் தாண்டியது, இன்வெர்ட்டர் முனையில் 13.2 வோல்ட் 12.8 ஆனது, அங்கேயே நின்றது. லக்குகளைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இல்லை. வெளி மின்சாரத்தைப் பிடுங்கினாலும் மைக்ரோவேவின் கடிகாரம் 12:00-க்குத் திரும்பவில்லை, ரிலே அவ்வளவு வேகம்.

இதையெல்லாம் நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: "மிக்ஸி ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லுங்க."

ஓடியது. 110 வோல்ட்டுக்கான 550 வாட் மிக்ஸி, தேங்காய்ச் சட்னி, வீட்டில் வரும் அதே சத்தம்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. டிகாஷனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 1500 வாட் கெட்டிலில் கொதிக்க வைக்க நான்கு நிமிடம் போல ஆகும், பேட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர்-மணி போகும். 200-இல் ஐந்து சதவீதம். ஏசியை இதில் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது, அதை ஜெனரேட்டருக்கே விட்டுவிட்டேன். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் 20 வாட் தின்னும், ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி, நான்கு லிட்டர் வெந்நீருக்கான கரண்ட். அதனால் படுக்கும் முன் அணைக்க வசதியாக ரிமோட் சுவிட்சைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கன்வெர்ட்டரை லித்தியத்துக்கு ஏற்ற ஒன்றாக மாற்றியாகிவிட்டது. என்ஜினிலிருந்து வரும் பழைய சார்ஜிங் லைன் இப்போதைக்குக் கழற்றிக் கிடக்கிறது. லித்தியம் கேட்கிற அளவுக்கு ஆல்டர்னேட்டர் கொடுக்கப்போனால் அது சூடாகிக் கருகும். நடுவில் அதைக் கட்டுப்படுத்த 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வர வேண்டும், ஆர்டர் போட்டிருக்கிறேன்.