சின்ன ஓட்டைதான் என்று சொன்னேன்

"சின்ன ஓட்டைதான் ஐயா, ஒரு விரக்கடைகூட இருக்காது, மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்." யூராலஜி வார்டு நர்ஸாக, சிறுநீரகக் கல் ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் எல்லோரிடமும் நான் சொல்கிற வார்த்தை. மேலூர்ப் பக்கத்துப் பெரியவரிடமும் அதையேதான் சொன்னேன். அவருடைய அண்ணனுக்கு அந்தக் காலத்தில் விலாவோரம் ஒரு சாணுக்குக் கிழித்துக் கல் எடுத்தார்களாம், அந்தத் தழும்பை நினைத்துத்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

சொன்னதில் பொய் இல்லை. முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குத் துளை போட்டுக் கல்லை உடைத்தெடுக்கிற பிசிஎன்எல் ஆபரேஷனில் துளை 1 செ.மீ.தான். ஆனால் அவருக்கு இருந்தது சிறுநீரகம் முழுக்க அறைக்கு அறை கிளை விட்ட மான்கொம்புக் கல். 2 செ.மீ. தாண்டினாலே வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது பெரும்பாலும் சரிவராது, துளை போட்டுத்தான் எடுப்பார்கள். இதிலோ ஒரு துளையிலிருந்து எல்லாக் கிளைக்கும் கருவி எட்டாது. இரண்டாம் தடவையும் தேவைப்படலாம் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். எனக்கும் தெரியும்.

"தை அறுப்புக்கு வயல்ல இறங்கிரலாமா தாயி?" என்று கேட்டார். "தாராளமா" என்றேன்.

மறுநாள் முக்கால்வாசிக் கல் வந்த நேரத்தில் ரத்தம் கசிந்து உள்ளே எதுவும் தெரியாமல் போக, டாக்டர் நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதுகில் டியூப், உள்ளே சிறுநீர் இறங்க ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாய், மிச்சத்துக்கு இன்னொரு நாள். கட்டு மாற்றப் போனபோது உடைந்த சுண்ணாம்புக் கட்டி மாதிரி துண்டுகள் கிடந்த டப்பாவைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன ஓட்டைன்னு சொன்னியே தாயி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முழுசும் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார், இரண்டு வருடம் வாழைத்தண்டுச் சாற்றிலேயே ஓட்டியவர். கிருமித் தொற்றோடு வளர்கிற கல்லை விட்டால் சிறுநீரகமே போய்விடும். தைரியம் சொல்லிப் படுக்க வைத்தது தப்பா? ஆனால் என் பேச்சில் நம்பிக்கை போய் அவர் திரும்பி வராமலே இருந்திருந்தால்? மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிற ஸ்டென்ட்டின் மேலும் கல் படியும். அறுப்பு முடிந்து, சொன்ன தேதிக்குத் தாமதமாகத்தான் வந்தார். மிச்சத்தையும் எடுத்தாயிற்று. என்னிடம் அதிகம் பேசவில்லை.

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா, அதே மாதிரிக் கல். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், ரத்தம் கசியலாம், ரெண்டு தடவை ஆகலாம், டியூப் இருக்கும் என்று. கேட்டுவிட்டு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சிட்டு வர்றோம் சிஸ்டர்" என்று ஸ்கேன் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அட்மிஷன் நோட்டில் அந்த அம்மா பெயர் வந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.