காலைக் கொழுந்து

ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவைக் கணக்கைத் திரையில் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) காலை, பகல், மாலை என்று மூன்று வேளை நிறுப்பார்கள். ஓர் ஆளுக்குப் பதிவு என்று ஓர் ஒப்ஜெக்ட் (பெயரோடு மதிப்பைச் சேர்த்து வைக்கும் பெட்டி), அதற்குள் வேளைக்கு ஓர் எடை. லேசான வேலை என்றுதான் நினைத்தேன்.

மூன்றையும் லூப்பில் சுற்றிக் கூட்டும்போது பதிவு.வேளை என்று எழுதிவிட்டேன். (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க, நான் எழுதிய நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இடம் கொடுக்கிறது. அந்த வயதில் அது பெரிய சந்தோஷம்.) வேளை என்ற மாறிக்குள் ஒரு சுற்றில் "காலைக் கொழுந்து" இருக்கும், அடுத்த சுற்றில் "பகல் கொழுந்து". ஆனால் புள்ளி வைத்தால் மாறிக்குள் என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்க்காது. வேளை என்ற பெயரிலேயே ஒரு பண்பை, அதாவது ஒப்ஜெக்ட்டுக்குள் உள்ள ஒரு பெயரை, தேடும். இல்லாவிட்டால் சத்தமும் போடாது. அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) என்று கையை விரிக்கும், அதோடு எண்ணைக் கூட்டினால் நேன் (எண்ணே இல்லை). அரைப் பேரா முழுப் பேரா (அரை நாள் சம்பளமா முழு நாள் சம்பளமா) என்று பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் நேன்!

பதிவு[வேளை] என்று சதுர அடைப்புக்குள் போட்டதும் சரியாகிவிட்டது. பெயரின் நடுவே இடைவெளி இருப்பதால் நேரடியாக எழுதினாலும் பதிவு["காலைக் கொழுந்து"] என்றுதான் எழுத முடியும், புள்ளி அங்கே செல்லாது. அதோடு நின்றிருக்கலாம். நேனைப் பார்த்த பயத்தில், எடை கிடைக்காவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கணக்கப்பிள்ளை போன் எடுத்தார். "தம்பி, கீழ்ப் பிரிவுல ஒருத்தருமே கொழுந்து எடுக்கலையா? எல்லாத்துக்கும் முட்டை போட்டிருக்கு."

கோப்பைத் திறந்தால் எடை இருக்கிறது, தலைப்பும் "காலைக் கொழுந்து"தான். அடைப்புக்குள் நான் கொடுப்பதும் அதேதான். ஒரு பகல் முழுக்க இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து மேசை அக்கா, "நீளத்தை எண்ணிப் பாருங்க தம்பி" என்றார். என்னுடையது 15, கோப்பில் இருந்தது 16.

அந்தப் பிரிவின் கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. பாமினியில் கொம்பு, க, கால் என்று தனித்தனியாக அடிக்க வேண்டும். மாற்றிய கருவி கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவே விட்டுவிட்டது. என் கீபோர்டோ ஒகரத்துக்கு ஒரே குறியைப் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே 'கொ'. ஜாவாஸ்கிரிப்ட் பண்பைத் தேடும்போது குறிகளை அப்படியே ஒப்பிடும், புள்ளியானாலும் அடைப்பானாலும் அப்படித்தான். அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள்.

நோர்மலைஸ் என்றொரு செயற்கூறு 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே மொழிக்குள் வந்துவிட்டது. கோப்பை வாசிக்கும்போதே தலைப்புகளை அதில் போட்டு எடுத்தால் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். திருத்தியது ஒரே வரி.

அப்புறம் அந்த 0 வரியை அழித்தேன். இப்போது ஓர் எடை கிடைக்காவிட்டாலும் திரை சிவந்து நின்றுவிடும். கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவேயில்லை. நிற்கும் போதெல்லாம் போன் எடுத்து ஏசுகிறார்.