போல்() அழைப்புக்கு ஒரு ரேப்பர் எழுதிய அனுபவம்

எங்கள் சி++ நிரல் ஒரு சீரியல் போர்ட், ஒரு சாக்கெட், ஒரு சைல்டு பிராசஸின் பைப் ஆகிய மூன்றிலிருந்தும் தரவு வாங்குகிறது. எதில் முதலில் வந்தாலும் உடனே எடுக்க வேண்டும். அதற்கான போல்() அழைப்பு (பல வழிகளில் எதிலாவது தரவு வரும்வரை காத்திருக்கும் இயங்குதள அழைப்பு) நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்தது, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக. எல்லாவற்றையும் ரேப்பர் எனப்படும் ஒரே உறை ஃபங்ஷனுக்குள் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது.

இதே வேலையைச் செய்யும் செலக்ட்() பக்கம் போகவே இல்லை. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் அதன் வரம்பு 1024. டிஸ்கிரிப்டர் எண் (திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் இணைப்புக்கும் இயங்குதளம் தரும் எண்) 1023-ஐத் தாண்டினால் பிழை எதுவும் சொல்லாமல் பக்கத்து நினைவகத்தைக் கெடுத்துவிடக்கூடும். லினக்ஸில் இதே வேலைக்கு இருக்கும் ஈபோல் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கிறவர்களுக்கு நல்லது. எங்களுக்கு அது அதிகம்.

போல்() கேட்பது மூன்றே விஷயம்: டிஸ்கிரிப்டர்களின் பட்டியல், அவற்றின் எண்ணிக்கை, மில்லிசெகண்டில் ஒரு டைம்அவுட். முதல் இரண்டும் சீக்கிரம் முடிந்துவிட்டன. மூன்றாவதில்தான் வேலை இருந்தது.

காத்திருக்கும்போது ஒரு சிக்னல் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்து, அதற்கு ஹேண்ட்லரும் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) இருந்தால், போல்() -1 திருப்பிவிட்டு, பிழை எண் இருக்கும் எர்ரனோவில் ‘சிக்னல் குறுக்கிட்டது’ எனும் ஈ-இன்டர் வைக்கும். குறுக்கிட்ட அழைப்பைத் தொடரச் சொல்லும் எஸ்ஏ-ரீஸ்டார்ட் கொடுத்து ஹேண்ட்லரைப் பதிந்திருந்தால் பைப்பில் காத்திருக்கும் ரீட்() தானாகத் தொடரும். போல்() தொடராது. பழைய கோட் இதை ஒரு வைல் லூப்பால் சமாளித்தது: ஈ-இன்டர் வந்தால் அதே 100 மில்லிசெகண்டோடு மறுபடி கூப்பிடு. சாதாரணமாக இது தெரியவே தெரியாது. நான் செட்ஐடைமர்() வைத்து 10 மில்லிசெகண்டுக்கு ஒரு சிக்னல் வரும்படி ஒரு டெஸ்ட் எழுதினேன். அந்த லூப் வெளியே வரவே இல்லை. ஒவ்வொரு சிக்னலுக்கும் 100 மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் எப்படி முடியும்?

சரி, மீதி நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும். ரேப்பருக்குள் நுழைந்ததும் முடிவு நேரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிக்கிறேன். கடிகாரம் பின்னோக்கிப் போகாத ஸ்டெடி க்ளாக்காக இருக்க வேண்டும். கணினியின் நேரத்தை யாராவது திருத்தினால் சிஸ்டம் க்ளாக் முன்னும் பின்னும் தாவும், காத்திருப்பும் சேர்ந்து தாவும்.

இந்தக் கழித்தலில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முடிவு நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தால் விடை -3 என்று வரலாம். லினக்ஸில் டைம்அவுட்டாக எந்த எதிர்ம எண்ணைக் கொடுத்தாலும் பொருள் ஒன்றுதான்: முடிவில்லாமல் காத்திரு. கொஞ்சம் தாமதமான காத்திருப்பு நிரந்தரக் காத்திருப்பாகிவிடும். அதனால் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வெட்டினேன். ‘எவ்வளவு நேரமானாலும் காத்திரு’ என்பதை எண்ணாலேயே சொல்லவிடாமல் மதிப்பு இல்லாமலும் இருக்கக்கூடிய ஆப்ஷனல் டைப்பில் வைத்தேன். டைம்அவுட் கொடுக்காவிட்டால் மட்டுமே -1 உள்ளே போகும். இந்த ரேப்பரில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

மேல் வரம்பும் உண்டு. டைம்அவுட் ஓர் இன்ட் என்பதால் 2,147,483,647 மில்லிசெகண்ட், அதாவது 25 நாளுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் 30 நாள் கொடுத்தால், அதை இன்ட்டுக்குள் திணிக்கும்போது எதிர்ம எண்ணாகும் வாய்ப்பு உண்டு. பிறகு மேலே சொன்ன அதே கதை. துண்டுகளாகக் காத்திருந்தால் போதும், லூப் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் முழு எண்ணாக்குவது. 300 மைக்ரோசெகண்டை டியூரேஷன் காஸ்ட் கொண்டு மில்லிசெகண்டாக்கினால் பின்னம் போய் பூஜ்யம் கிடைக்கும். போல்() காத்திருக்காமலே திரும்பும், கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுவார், சிபியு சும்மா சுற்றும். சி++17-இல் வந்த க்ரோனோ சீல் மேல்நோக்கி முழுமையாக்குகிறது. கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பது பரவாயில்லை, கேட்டதைவிட முன்னால் திரும்பக் கூடாது.

ஈ-இன்டரை முழுக்க விழுங்கிவிடலாமா என்பதில்தான் குழுவில் வாக்குவாதம். கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஹேண்ட்லர் ஒரு கொடியை ஏற்றும். போல்() திரும்பியதும் அதைப் பார்த்து நிரல் நிற்கும். ரேப்பர் விழுங்கினால் நிற்காது என்பது ஒரு தரப்பு. பைத்தான் 3.5-இலிருந்து மீதி நேரத்தைக் கணக்கிட்டுத் தானே தொடர்கிறது, ஆனால் ஹேண்ட்லர் எக்செப்ஷன் எறிந்தால் நின்றுவிடும். சி++ சிக்னல் ஹேண்ட்லரிலிருந்து அப்படி எறிய வழியில்லை. என் வாதம் வேறு: அந்தக் கொடி முறையே நம்பத்தக்கதல்ல. கொடியைப் பார்த்து முடித்ததற்கும் போல்() தொடங்குவதற்கும் நடுவில் சிக்னல் வந்தால், கொடி ஏறியிருக்கும், போல்() தூங்கப் போய்விடும். ஆகவே ரேப்பர் விழுங்கட்டும், நிறுத்துவதற்குத் தனியாக ஒரு பைப் வைப்போம் என்றேன். ஹேண்ட்லர் அதில் ஒரு பைட் எழுதும், படிக்கும் முனை போல்() பட்டியலிலேயே இருக்கும். இரண்டு முனைகளும் நான்-பிளாக்கிங், அதாவது படிக்கவோ எழுதவோ முடியாவிட்டால் காத்திருக்காமல் திரும்பும். எந்த நொடியில் சிக்னல் வந்தாலும் அந்த பைட் அங்கே காத்திருக்கும். பிபோல்() கொண்டும் இதைச் செய்யலாம், அதற்கு எல்லா இடத்திலும் சிக்னல் மாஸ்க்கை (எந்தச் சிக்னல்களைத் தடுத்து வைப்பது என்ற பட்டியல்) ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும்.

திருப்பித் தருவது என்ன? பழைய கோட் ‘படிக்கலாமா’ என்று ஒரு பூலியன் தந்தது. சைல்டு பிராசஸ் முடிந்து பைப்பின் எழுதும் முனை மூடி, உள்ளே தரவும் இல்லையென்றால் லினக்ஸ் போல்ஹப் (மறுமுனை மூடியது) மட்டும் தரும், போல்இன் (படிக்கத் தரவு உண்டு) வராது. விடை ‘இல்லை’ என்றாகிறது, ஆனால் போல்() ஒவ்வொரு முறையும் உடனே திரும்புகிறது. சிபியு 100 சதவீதத்துக்குப் போகும். இப்போது போல்இன், போல்ஹப், போல்எர் (பிழை) எதுவானாலும் ‘ரீட் செய்து பார்’ என்கிறோம். ரீட்() பூஜ்யம் தந்தால் முடிந்தது, -1 தந்தால் காரணம் எர்ரனோவில் இருக்கும். போல்என்வால் வந்தால் மூடிய டிஸ்கிரிப்டரை யாரோ கொடுத்திருக்கிறார்கள், அதற்கு எக்செப்ஷன்தான்.

சாதாரணக் கோப்புகளுக்கு இந்த ரேப்பர் உதவாது. வட்டு எவ்வளவு மெதுவாக இருந்தாலும் போல்() அவற்றை ‘தயார்’ என்றே சொல்லும். ஹெடர் ஃபைலில் ஃபங்ஷனுக்கு மேலே இருக்கும் குறிப்பின் முதல் வரியாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.