சொல்லாத பெயர்: ஆடி, ஆவணிக் குறிப்புகள்

ஜூலை 3, 2024

அப்பத்தாவின் மாமனாருடைய வழியைப் பழைய பத்திரங்களில் தேடுகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு கொடுத்தாயிற்று. 1896 முதல் 1914 வரை. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. அட்டவணைப் புத்தகத்தைக் கையால்தான் புரட்ட வேண்டும். முதல் அட்டவணை ஆள் பெயர்ப்படி, இரண்டாவது ஊரும் புல எண்ணும்படி. பெயரில் சந்தேகம் இருந்தால் இரண்டாவதைக் கேட்பதே நல்லது. ஆனால் இன்றைய பட்டாவில் இருக்கிற எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். 1979-இல் தொடங்கி 1987-இல் முடிந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) வேலையில் உட்பிரிவுகள் மாறின. அதற்கு முந்தைய மறு அளவையில் எண்ணே மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்குமான ஒப்புப் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு பிறகுதான் மனு.

1931 கிரயப் பத்திரத்தில் அந்த மாமனாரின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் ஒன்று. எழுதியவர் கை தவறியதா?

ஜூலை 4

கை தவறவில்லை. தொடக்கத்திலும், கடைசியில் கீறல் போட்ட இடத்திலும், பின்பக்கப் பதிவுக் குறிப்பிலும் அதேதான். மூன்று இடத்தில் ஒரே பிழை வராது.

ஜூலை 8

மொய் நோட்டு கிடைத்தது. சார்வரி ஆவணி, காதுகுத்து. சார்வரி என்றால் 1900 அல்லது 1960. தொகைகளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் இருக்கும். இதில் ரூபாயும் நயா பைசாவும்தான். (கிராமத்துக் கை அதற்குப் பிறகும் சில வருஷம் அணாவிலேயே எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே அணா இருந்தால் 1957-க்கு முன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நயா பைசா இருந்தால் 1957-க்குப் பின் என்பது உறுதி.)

மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் தாய்மாமன் முறை. அதிலேயே அப்பத்தாவின் பிறந்த ஊர் வந்துவிட்டது. பிறகு பங்காளிகள், பிறகு மாமன் மச்சான், பிறகு வெளியூர். ஊர், வீட்டுப்பெயர், ஆள் பெயர், தொகை என்ற வரிசை. இதைவிட நல்ல உறவுப் பட்டியல் சர்க்காரிடம் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஊரிலிருந்து நான்கு பேர், ஆளுக்கு ஐந்து ரூபாய். மற்றவர்கள் எல்லாம் ஒண்ணேகால். அந்த ஊரோடு நமக்கு என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 11

அப்பத்தா சாப்பிடவில்லை.

ஜூலை 17, ஆடி 1

இன்று தெளிவு. மாமனார் பெயரைக் கேட்டேன். "அவுக பேரை நான் எப்படியா சொல்றது? நாக்கு அழுகிரும்." வயது எண்பத்தெட்டு, மாமனார் போய் எத்தனையோ காலம். பழனிப் பக்கம் கையைக் காட்டி, "அங்க நிக்கிறாருல்ல, அவரு பேருதான்" என்றார்.

ஆக பழனி, பழனியாண்டி, ஆண்டி, தண்டாயுதம், வேலு எல்லாமே இருக்கலாம். குறிப்பால் சொன்ன பெயர் சாமியைக் காட்டும், எழுத்தைக் காட்டாது. அட்டவணையில் ப, ஆ, த, வே என்று நான்கு எழுத்திலும் தேட வேண்டும். மருமகளிடம் கேட்பதைவிட அந்த வீட்டில் பிறந்த பெண்ணிடம் கேட்பது மேல். நாத்தனாருக்கு அது அப்பன் பெயர், தயங்காமல் சொல்லுவார்.

மாமனார் பெயரையே பேரனுக்கும் வைத்துவிடுகிறார்கள், பெயரன் என்றால் அதுதானே. பெற்றவள் வாயில் அந்தப் பெயர் வராது. ஆகவே வீட்டில் வேறு பெயர். பெரியப்பாவை எல்லாரும் சீனி என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் சீனி என்று தேடினால் கிடையாது. பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்பத்தா, "அது எங்க மாமா" என்பார். ஒரு ஆளுக்கு இரண்டு பெயர், ஒரு பெயருக்கு இரண்டு ஆள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு தலைமுறை காணாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன், கரையான்கூட அதற்கப்புறம்தான். பதிவேட்டில் பெயர் ஒத்துப்போனதும் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடுகிறோம், நடுவில் இருந்தவர் விழுந்துவிடுகிறார்.

சொல்லாத பெயரை நானும் இங்கே எழுதாமல் விடுகிறேன். மூத்தவர், பேரன். போதும்.

பேரனுக்குத்தான் தாத்தா பெயர். அப்பன் உயிரோடு இருக்கும்போது மகனுக்கு அப்பன் பெயர் வைப்பதில்லை. அப்படியானால் 1931?

ஜூலை 19

பெட்டியில் ஒரு ஜாதகம். மன்மத வருஷம், தை மாதம், அந்தப் பெயர். எல்லாரும் மூத்தவருடையது என்றே வைத்திருக்கிறார்கள், "பெரியாத்துத் தண்ணி வந்த வருஷம் பொறந்தவரு" என்ற கதையோடு பொருந்துவதால். பெரியாறு அணை திறந்தது 1895 அக்டோபர், மன்மத வருஷம்தான். ஆனால் 1955-56-உம் மன்மதம். பேரன் பிறந்ததும் அந்தத் தையில்தான்.

சனியும் குருவும் இங்கே அதிகம் உதவாது. அறுபது வருஷத்தில் சனி இரண்டு சுற்று முடித்துச் சற்றுத் தாண்டும், குரு ஐந்து சுற்று முடித்துச் சற்றுத் தாண்டும்; இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு ராசி முன்பின் என்றால் எழுதியவர் பிழை என்று தள்ளிவிடத் தோன்றும். ராகுவைப் பார்க்க வேண்டும். பதினெட்டரை வருஷச் சுற்று அறுபதோடு சேராது. 1896 தையில் ராகு கும்பம், 1956 தையில் விருச்சிகம். மூன்று ராசி வித்தியாசம். கை தவறி வராது.

கட்டத்தில் ராகு விருச்சிகம். ஜாதகம் பேரனுடையது.

ஜூலை 20

கதை பொய் என்று ஆகிவிடவில்லை. அதற்குச் சாட்சி என்று வைத்திருந்த காகிதம்தான் வேறு ஆளுடையது. 1931 பத்திரத்தில் "வயது சுமார் 35". 1896-க்குத்தான் வருகிறது. பத்திர வயதில் ஐந்து முன்பின் போகும் என்றாலும்.

ஜூலை 25

கோயில் தலைக்கட்டு வரி நோட்டு, 1938 முதல். கலியாணம் ஆனதும் ஒருவன் தனித் தலைக்கட்டு. ஆகவே பெயர் முதலில் வரும் வருஷத்தை ஒட்டிக் கலியாணம். பெயருக்கு நேரே அரை வரி என்று மாறினால் அவர் போய்விட்டார், வீட்டில் விதவை. இப்படி இறந்த வருஷம் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் பிடிபடும். திருவிழா நின்றுபோன வருஷங்களில் நோட்டும் கிடையாது, அந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது.

எண்கள் தமிழில். ௪-ஐயும் ௬-ஐயும் மாற்றிப் படித்து இரண்டு மணி நேரம் வீண். பழைய கணக்கில் இடமதிப்பு கிடையாது என்பதும் நினைவிருக்க வேண்டும்: ௩௰௫ என்றால் முப்பத்தைந்து, நடுவில் இருக்கிற ௰ பத்து. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. இந்த நான்கும் தெரியாமல் உட்காரவே கூடாது. பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால் 590 கூட்டு. ஜூலையில் தொடங்கும் வருஷம் வரும். பசலி 1341 என்றால் 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரை.

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

திருப்புவனம் வைகைக் கரையில் கூட்டம். மூன்று தலைமுறைப் பெயர் கேட்கிறார்கள். வரிசையில் முன்னால் நின்றவர் இரண்டு சொல்லிவிட்டு மூன்றாவதற்குக் கைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டார். அவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9

அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. "பழைய வால்யூம் ரூம்ல இருக்கு, ஆள் இல்ல."

ஆகஸ்ட் 13

இறப்புப் பதிவேடு பற்றி ஒருவர் கேட்டார், இங்கேயே குறித்துவைக்கிறேன். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899. இன்றைய சட்டம் 1969. கிராமத்தில் எழுதியவர் முனிசீப், சேதி சொன்னவர் பெரும்பாலும் தலையாரி. தலையாரி வீட்டுப்பெயரைச் சொல்லியிருப்பார், அதுவே ஏறியிருக்கும். பிறப்பில் இன்னொரு சிக்கல்: பெயர் வைப்பதற்கு முன்பே பதிவதால் குழந்தை பெயர் கட்டம் காலி, "ஆண்" "பெண்" மட்டும். தகப்பன் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியை நம்பி ஒரே ஒரு வருஷத்துக்கு மனு போடாதீர்கள். காதைத் தொட்டதைப் பார்த்துச் சேர்த்த காலத்தில் பாதி ஊர் மே, ஜூனில் பிறந்தது. இரண்டு பக்கமும் மூன்று வருஷம் சேர்த்துக் கேளுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் தாத்தா பெயர் கிடைக்குமா என்றும் கேட்டார். கிடைக்காது. தனியாள் விவரத்தைப் பார்வைக்குத் தரச் சட்டத்தில் இடமில்லை.

ஆகஸ்ட் 21

1931 பத்திரத்தை மறுபடியும். இந்த முறை ஆட்களை விட்டுவிட்டு நான்கெல்லையைப் படித்தேன். "இன்னார் புஞ்சைக்கு வடக்கு" என்றால் நம் நிலம் வடக்கே இருக்கிறது, இன்னார் நமக்குத் தெற்கே. புதிதாகப் படிக்கிற எல்லாரும் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்; நானும்தான், இரண்டு வாரமாக. சரியாகத் திருப்பி வரைந்தால் மூன்று பக்கமும் பங்காளி நிலம். ஒரே புலம் நான்காகப் பிரிந்திருக்கிறது. அப்படியானால் பாட்டனுக்கு மகன்கள் நான்கு பேர், அல்லது மகன் இல்லாமல் இறந்த ஒருவனின் பங்கு வேறு கைக்குப் போயிருக்கிறது.

சுவீகாரம் என்றால் "சுவீகார புத்திரன்" என்று பத்திரம் சொல்லியிருக்கும். சொல்லவில்லை.

தகப்பனும் மகனும் ஒரே பெயர். திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

ஆகஸ்ட் 28

அப்பத்தாவின் நாத்தனாரைப் பார்க்கப் போனது. காது கேட்கவில்லை, எழுதிக் காட்டவும் முடியாது. சத்தமாகப் பெயரைச் சொன்னதும், "எங்கப்பன் வயித்துல இருக்கையிலேயே அவுகப்பன் போயிட்டாக. அதான் அந்தப் பேரு."

இதற்கு ஐம்பத்தாறு நாள்.

அப்பன் இறந்தபின் பிறந்த பிள்ளைக்கு அப்பன் பெயர். வழக்கம் மாறவே இல்லை, உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பதில்லை என்பதுதானே வழக்கம்.

ஆகஸ்ட் 29

ஆனால் காகிதம்? 1895-96 சாவுக்கு 1899 சட்டத்துப் பதிவேடு உதவாது. ஒரே வழி: பிள்ளை மைனராக இருந்த காலத்தில் தாய் கார்டியனாக நின்று எழுதிக்கொடுத்த பத்திரம். அப்படி எழுதும்போது குடும்பச் செலவு, சர்க்கார் தீர்வை, புருஷன் பட்ட கடன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லாவிட்டால் பிள்ளை மேஜரானதும் வழக்குப் போடுவான். அந்தக் காரண வரியில்தான் சாவு இருக்கும். தொகை நூறு ரூபாய்க்குக் கீழே என்றால் பதிவு கட்டாயமில்லை, ஆகவே சின்னக் கைமாற்றுகள் தடமில்லாமல் போயிருக்கும். நூறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் கஷ்டத்தில் எனக்கு இப்படி ஓர் ஆசை.

செப்டம்பர் 3

1908. இரண்டாவது அட்டவணையில், பழைய புல எண்ணில். ஒத்தி. நூற்றிருபது ரூபாய்.

முதல் புத்தகத்து (அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியும் புத்தகம்) ஆவணம், யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். கேட்டாயிற்று.

செப்டம்பர் 5

அப்பத்தாவிடம் சொன்னேன். "அவுக அம்மா பேரு என்ன?" என்று என்னிடமே கேட்டார்.

செப்டம்பர் 18

நகல் வந்தது. ஐந்து பக்கம், வால்யூமை வைத்து அப்படியே எடுத்த படி. கீலக ௵ கார்த்திகை ௴. மைனருக்கு வயது சுமார் 12. "மைனர் பிறக்குமுன்னமே என் புருஷன் காலமாகிவிட்டபடியாலும்" என்பது பளிச்சென்று இருக்கிறது. "மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான" வரைக்கும் சரி, அடுத்த வரித் தொடக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. "யி" என்று முடிகிறது. கருப்பாயி, பேச்சாயி, அழகாயி, வெள்ளாயி, யாராகவும் இருக்கலாம்.

முதல் சாட்சி அவளுடைய கூடப்பிறந்தவன். ஊர் எழுதியிருக்கிறது. மொய் நோட்டின் இரண்டாம் பக்கம், ஐந்து ரூபாய்க்காரர்கள் ஊர்.